ஹைலக்ஸ் பக்கிக்கு முதலில் டயர், அப்புறம்தான் மற்றதெல்லாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 எஸ்ஆர்எக்ஸ் டபுள் கேப் பக்கி (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வாங்கி நாலு வருடம் ஆகிறது, ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. வண்டி தயாராவதே இங்கே புரோஸ்பெக்டனில்தான், நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த்துக்குப் பக்கம். இந்த நாலு வருடத்தில் நிறைய மாட்டினேன், சிலதைக் கழற்றினேன். "அண்ணா, எனக்கும் ஒரு பக்கி இருக்கு, முதல்ல எதுல காசு போடலாம்?" என்று கோயிலில் பார்க்கிற தம்பிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் டயர். கம்பெனி டயரின் அளவு 265/65 ஆர்17, நான் பிஎஃப்குட்ரிச் ஆல்-டெரைன் கேஓ2 டயரில் 265/70 ஆர்17 போட்டேன். விட்டம் சுமார் 26 மில்லிமீட்டர் கூடுகிறது, அதில் பாதி, அதாவது 13 மில்லிமீட்டர், தரைக்கும் டிஃப்புக்கும் (அச்சின் நடுவில் தொங்கும் கியர் பெட்டி) இடையில் கிடைக்கிறது. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் பின் டிஃப் உயராது, அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான். ஆனால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறும், முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டும்போது வண்டி மூன்று சதவீதத்துக்கு மேல் வேகமாகப் போகும், கேமரா இருக்கும் ரோட்டில் இதை மறக்க வேண்டாம்.

டயரின் அருமை லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸில் தெரிந்தது. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் ஃபோர் பை ஃபோர் இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள், உச்சி 2,870 மீட்டருக்கு மேல். சாவடிக்கு முன்னால் நிறுத்தி டயர் காற்றழுத்தத்தை 2.4 பாரிலிருந்து 1.6க்கு இறக்கினோம். மச்சான் வால்வு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேஜைப் பார்த்துக்கொண்டே இருந்தான், காற்று உஸ்ஸென்று இறங்க இறங்க டயரின் அடி அகன்று மண்ணில் படிவது கண்ணுக்கே தெரிந்தது. அதே ரோட்டில் முந்தின வருடம் பழைய டயரில் முழுக் காற்றோடு ஏறியபோது ஊசிமுனை வளைவுகளில் பின்சக்கரம் கல்லை வாரி இறைத்துச் சுழன்றது, இந்த முறை லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) போட்டு நிதானமாக ஏறிவிட்டோம். பின்சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுழல வைக்கும் பின் டிஃப் லாக்கைத் தொடவே இல்லை. இறங்கி வந்ததும் காற்றடிக்காமல் ஹைவேயில் ஓட்டினால் டயர் சூடாகிக் கெட்டுப்போகும், அதனால் பேட்டரியில் கிளிப் மாட்டும் நல்ல கம்ப்ரஸர் ஒன்றை டயரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சஸ்பென்ஷனில்தான் எனக்கு அடி விழுந்தது. முதலில் போன கடையில் எடை எவ்வளவு ஏற்றுவேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நிரந்தரமாக 300 கிலோ சுமக்கும் வண்டிக்கான கெட்டியான பின் லீஃப் ஸ்பிரிங்கை மாட்டி அனுப்பிவிட்டார்கள். எனக்கோ வாரத்தில் ஆறு நாள் பின்பக்கம் காலி. பின்சீட்டில் உட்கார்ந்து டோங்காட் ஊருக்குப் போய் வந்த அம்மாவுக்கு இரண்டு நாள் இடுப்பு வலி. அப்புறம் வேறொரு கடையில் ஓல்ட் மேன் ஈமு என்ற கம்பெனியின் சஸ்பென்ஷன் போட்டேன், அதில் சுமைக்கு ஏற்ற மாதிரி பின் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கலாம். அந்த மெக்கானிக் முதலில் கேட்டதே, "கேனப்பி (பின்பக்க மூடி) போடுவீங்களா, டிரெய்லர் இழுப்பீங்களா, தினமும் எவ்வளவு எடை?" என்றுதான். அந்தக் கேள்வி வராத கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள். இப்போது கரடுமுரடான கிராவல் ரோட்டிலும் வண்டி பின்பக்கம் துள்ளுவதில்லை.

இரும்பு முன் பம்பர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அத்தனை எடையும் முன்சக்கரத்துக்கு முன்னால் தொங்கும், அதைத் தாங்க முன் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும், ஏற்றக்கூடிய சுமையும் அந்த அளவுக்குக் குறையும். இரவில் மாடு குறுக்கே வரும் கிராமப் பக்கம் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு அது தேவைதான், எனக்கு இல்லை.

எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாயான ஸ்நோர்க்கலும் அப்படித்தான், ஆழமான ஆறு கடக்கிறவர்களுக்கு. அதைவிட மலிவாக ஒன்று இருக்கிறது, டிஃப் பிரீதர் ட்யூபை (டிஃப்புக்குள் காற்று போய்வரும் குழாய்) நீட்டி எஞ்சின் பேக்குள் உயரமாக வைப்பது. ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் தாழ்வாக இருந்தால் அது வழியாகத் தண்ணீரை இழுத்து ஆயிலோடு கலந்துவிடும். கொஞ்சம் ட்யூப், கொஞ்சம் கிளிப், ஒரு மணி நேர வேலை.

எதை மாட்டினாலும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள், பில்லையும் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் சமயத்தில் அதையே காரணமாகக் காட்டுவார்கள். சிக்கிய வண்டியைத் தானே இழுத்து வெளியேற்றும் வின்ச் பற்றிக் கேட்பவர்களுக்கு: தனி வண்டியாகப் போகாதவரை நல்ல ஸ்நாட்ச் ஸ்ட்ராப் (இன்னொரு வண்டியால் இழுக்க நீளும் பட்டை), எடைக்கேற்ற இரண்டு ஷாக்கிள் (அதை மாட்டும் இரும்புக் கொக்கி), ஒரு மண்வெட்டி போதும். நான் இன்னும் வின்ச் வாங்கவில்லை.