போட்டோ கார்னர்: பழைய படங்களுக்கு எந்த வகை சரி?

பழைய குடும்பப் படங்களை வைத்து ஸ்கிராப்புக் (படங்களை ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பம்) செய்கிறவர்கள் அலங்காரத் தாளுக்கும் லேசுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, படத்தைப் பிடித்து நிறுத்தும் பொருளை மட்டும் மலிவாக வாங்கிவிடுகிறார்கள். காசு போட வேண்டிய இடமே அதுதான். ரப்பர் பசையில் உள்ள கந்தகம் கருப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளியைப் பழுப்பாக்கி மங்க வைக்கும். பிளாஸ்டிக் உறையைத் தூக்கி ஒட்டும் 'மேக்னடிக்' ஆல்பத்தில் பசைக்கோடுகள் சில வருடங்களில் மஞ்சளாகும். அப்புறம் படத்தை உரித்தால் பின்தாளும் சேர்ந்து வரும். போட்டோ கார்னர் என்பது படத்தின் மூலையைச் செருகும் சின்ன முக்கோண உறை; பசை அதன் பின்பக்கத்தில்தான் இருக்கும், படத்தின் மேல் படாது.

கடைகளில் கிடைப்பவற்றில் எங்கள் முதல் தேர்வு காகித கார்னர். பாலிபுரொப்பிலீனில் வரும் கண்ணாடி போன்ற கார்னர் பார்வைக்கு அழகு. ஆனால் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகி, வழவழப்பான பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும்; எடுக்கும்போது மூலையில் பளபளத் தழும்பு நிற்கும். அக்ஃபா கிளிக் III கேமராவில் எடுத்த 6×6 செ.மீ. படங்களுக்கு வெள்ளை ஓரம் இருந்தால் சிறிய காகித கார்னரே போதும். ஓரமே இல்லாத படத்துக்கு மட்டும் கண்ணாடி வகை. பி.வி.சி. என்றால் வாங்கவே வேண்டாம், அது நாளடைவில் அமிலம் கக்கும்.

பாக்கெட்டில் 'ஆசிட் ஃப்ரீ' என்று இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்த வார்த்தை பசையையும் சாயத்தையும் பற்றி எதுவும் சொல்வதில்லை. பி.ஏ.டி. (போட்டோகிராபிக் ஆக்டிவிட்டி டெஸ்ட்) சோதனையில் தேறியது என்றோ, அதற்கான தர எண்ணான ஐ.எஸ்.ஓ. 18916 என்றோ இருக்கிறதா பாருங்கள். பொருளைப் படச்சுருளோடு சேர்த்து 70 டிகிரி வெப்பத்திலும் 86% ஈரப்பதத்திலும் 15 நாள் வைத்துப் பார்க்கும் சோதனை அது.

ஒட்டும் முறை: படத்தை மேசையில் சமமாக வைத்து, நான்கு மூலையிலும் கார்னரை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். இறுக்கிவிட்டால் மழைக்காலத்தில் தாள் விரிந்து, படம் நடுவில் வில்லாக வளையும். பிறகு படத்தோடு தூக்கி ஆல்பப் பக்கத்தின் மேல் வைத்து, மூலைகளை மட்டும் அழுத்துங்கள். கையால் செய்த சொரசொரப்பான தாளில் பசை பிடிக்காது; வழவழப்பான 200 ஜி.எஸ்.எம். தாளில் நன்றாக நிற்கும். நொறுங்கும் நிலையில் உள்ள படங்களுக்கும், ஸ்டுடியோ அட்டையில் ஒட்டிய கனமான படங்களுக்கும் கார்னர் சரிவராது. கீழும் இரு பக்கமும் தாங்கும் நீளப் பட்டை வாங்குங்கள். படத்தை வளைக்காமல் மேலிருந்து இறக்கலாம்.

அலங்காரம் எதுவாக இருந்தாலும் படத்திலிருந்து ஒரு செ.மீ. தள்ளியே. உலர்ந்த பூ கறை விடும், உலோகக் குமிழ் துருப்பிடிக்கும், ஜிகினாத் தூள் எதிர்ப்பக்கப் படத்தைக் கீறும். கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவிய மஞ்சள் பக்கத்துப் படத்துக்கும் ஏறிவிடும். பத்திரிகையின் அசலைத் தனி உறையில் வைத்துவிட்டு, நகலை ஒட்டுங்கள்.

படத்துக்கு நான்கு, பக்கத்துக்கு ஐந்து படம் என்றால் 250 உள்ள பாக்கெட் பன்னிரண்டு பக்கத்துக்கு வரும். ஈரக்காற்றில் பசை கெட்டுவிடாமல், மீதியை ஜிப் பையில் மூடி வையுங்கள்.