குன்னூரில் ஓ.டி. அஸிஸ்டென்ட் பயிற்சி: யார் போகலாம், யார் வேண்டாம்

ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) அஸிஸ்டென்ட் படிக்கும் ஜூனியர்கள் கடைசி போஸ்டிங்குக்கு, அதாவது களப்பயிற்சிக்கு, எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போனது குன்னூரில் ஒரு சின்ன மறுவாழ்வு மையம். பெயர் சொல்லப்போவதில்லை. குறையும் எழுதப்போகிறேன், என் சான்றிதழோ இன்னும் அவர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

முதலில் நல்லது. இங்கே மாணவர்களைச் சுவரோரம் நிறுத்திவைத்து வேடிக்கை பார்க்க விடுவதில்லை. பக்கவாதம் வந்தவர்கள், டீ ஃபேக்டரியில் ரோலரில் கை மாட்டியவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் என்று கேஸ்களுக்கும் குறைவில்லை.

வலது கை தளர்ந்த ஒரு பாட்டி வருவார். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். கைப்பயிற்சிக்கான பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொன்னால், "சின்னப் பிள்ளை விளையாட்டெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் தெரபிஸ்ட் மேடம் ஒருநாள் வேலியோரச் செடியிலிருந்து தேயிலைக் கிளை ஒன்றை ஒடித்துவந்து மேஜை ஓரத்தில் கட்டி நிறுத்தினார். பாட்டியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாகச் சேர்ந்தன. ரெண்டு இலை, ஒரு மொட்டு. முதலில் கிழிந்தது, அப்புறம் சுத்தமாக வந்தது. நான் ஒன்றைக் கிள்ளியதும், "முத்தின இலைடி அது, கணக்குப்பிள்ளை எடையில கழிச்சிடுவான்" என்று எனக்கே பாடம் எடுத்தார். வேலையே மருந்து என்று வகுப்பில் எழுதிப்போட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அதில் என் பங்கு, விரல் செய்ய வேண்டியதைத் தோளைத் தூக்கிச் சமாளிக்கிறாரா என்று கவனித்து எழுதுவது. மதிப்பீடு செய்வதும் திட்டம் போடுவதும் தெரபிஸ்ட்டின் பொறுப்பு. அதை நடத்துவதும் மாற்றம் தெரிந்தால் உடனே அவரிடம் சொல்வதும் நம்முடையது. இந்த எல்லைக்கோட்டை மேடம் ஒருநாளும் அழித்ததில்லை. ஆள் குறைவு என்று அஸிஸ்டென்ட்டையே எல்லாம் செய்யச் சொல்லும் இடங்கள் உண்டு என்பதால் இதைப் பெரிய ப்ளஸ் என்றே சொல்வேன்.

ஸ்பிளின்ட் (கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் கவசம்) செய்யக் கற்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏனென்றால் குளிர். சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் ஷீட்டை 70 டிகிரி வாக்கில் உள்ள வெந்நீரில் போட்டால் நனைந்த அப்பளம் மாதிரி துவளும். சமவெளியில் வடிவம் கொடுக்கக் கிடைக்கும் ஒன்றிரண்டு நிமிஷம் இங்கே அதிலும் குறைகிறது, ஜன்னல் திறந்திருந்தால் போச்சு. ஆனாலும் அவசரப்பட்டு நேராக நோயாளி கையில் வைக்க விடமாட்டார்கள். துண்டில் ஒற்றி, நம் மணிக்கட்டில் சூடு பார்த்த பிறகுதான். உணர்ச்சி மரத்த கைக்குச் சுடுவது தெரியாதே. மாட்டிய அரைமணி கழித்துக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா, அந்தச் சிவப்பு மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உடை மாற்றும் பயிற்சியும் மலையில் சட்டையோடு முடிவதில்லை. ஸ்வெட்டர், சால்வை, குல்லா எல்லாம் உண்டு. போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

வீட்டுப் பார்வைக்கு எஸ்டேட் லயனுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கூட்டிப்போவார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று மனப்பாடம் செய்திருப்போம். மூன்றடி உயர வாசலுக்கு அந்தக் கணக்கில் 36 அடி நீளம் வேண்டும். லயன் வாசலில் ஆறடிகூட இருக்காது. அப்போது கைப்பிடிக் கம்பி எங்கே, நாற்காலி எங்கே, ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பாதித்த கால் முன்னே என்று வீட்டாருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கேயே நின்று யோசிக்க வேண்டும்.

இனி குறை. எழுத்து வேலைக்கு யாரும் நேரம் தருவதில்லை. அன்றன்றைக்குச் செய்ததை எழுதும் என் லாக்புக் வாரக்கணக்கில் மேஜையில் கிடந்து, கடைசியில் ஒரே மூச்சில் கையெழுத்தாகி வந்தது. குறிப்பில் எது சரி, எது தப்பு என்று ஒரு வரி இல்லை. சின்னப் பிள்ளைகள் கேஸ் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். போஸ்டிங் காலமும் போதாது. அமெரிக்காவில் இதே அஸிஸ்டென்ட் படிப்புக்கு இரண்டாம் நிலைக் களப்பயிற்சி மட்டும் குறைந்தது 16 வாரம்; நமக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. விடுதியில் கீசர் ஒன்றுதான், காலையில் வரிசை. உதவித்தொகை கிடையாது. மெஸ் சாப்பாடு பரவாயில்லை, ரசம் மட்டும் நன்றாக இருக்கும்.

கையால் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்த ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. போவதாக இருந்தால் லாக்புக்கில் யார், எந்தக் கிழமை கையெழுத்துப் போடுவார் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் என்றால் இரண்டு ஜோடி ஷூ வேண்டும், ஒன்று காய்வதற்குள் மற்றது நனைந்துவிடும்.