ஒட்டகக் கறவை: மாட்டுக்கு மாற்றாகுமா?

ஒட்டகத்தை உயரமான பசு என்று நினைத்து வாங்குபவர்கள் முதல் வாரத்திலேயே கையைப் பிசைந்து நிற்பார்கள். பாலில் குறை சொல்ல அதிகம் இல்லை. அதைக் கறப்பதும் தயிராக உறைய வைப்பதும்தான் பாடு.

முதலில் கறவை. கறக்க உட்காரும் முன்பே பசுவின் பாலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காம்புக்கு மேலுள்ள அறையில் இறங்கி நிற்கும். ஒட்டக மடியில் அந்த அறை மிகச் சிறியது. பெட்டை சுரப்பு விட்டால்தான் பால். அதற்குக் கன்று ஊட்ட வேண்டும். கன்று முட்டி முட்டி ஊட்டும்போது, சுருங்கித் தொங்கிய காம்பு சட்டென்று புடைத்துப் பளபளக்கும். அப்போதே கன்றை விலக்கிக் கறக்கத் தொடங்க வேண்டும். கிடைப்பது ஒன்றரை முதல் மூன்று நிமிடம்தான். அதனால்தான் இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஒரே நேரத்தில் கறக்கிறார்கள். மடி உயரத்தில் இருப்பதால் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடக்கி, தொடை மேல் பாத்திரத்தை நிறுத்த வேண்டும். குந்திக் கறந்து பழகியவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நேரம் தப்பினாலும், புது ஆள் வந்து நின்றாலும் பாலை ஏற்றிக்கொள்ளும்; பிறகு எவ்வளவு தடவினாலும் இறங்காது.

கன்று செத்தால் பெரும்பாலும் கறவையும் போச்சு. செத்த கன்றின் தோலைக் காட்டி ஏய்க்கும் பழைய வித்தை சில பெட்டைகளிடம் பலிக்கும், சிலவற்றிடம் உதைதான் மிஞ்சும். நான்கு காம்பில் இரண்டைக் கன்றுக்கு விட்டு இரண்டைக் கறப்பது மேய்ப்பர்களின் கணக்கு. அது கருணை மட்டுமல்ல. கன்று இருந்தால்தான் கறவை.

இயந்திரக் கறவையும் நடக்கிறது. துனீசிய ஆய்வில் 48 கிலோபாஸ்கல் (அழுத்த அலகு) வெற்றிட உறிஞ்சலும் நிமிடத்துக்கு 60 துடிப்பும் நன்றாக வேலை செய்தன. ஆனால் ஒரே மந்தையில் காம்பின் பருமனும் நீளமும் ஏகத்துக்கு மாறும். காம்பில் மாட்டும், பசுவுக்கான கப் சரியாகப் பிடிக்காமல் 'உஸ்' என்று காற்றை இழுத்தால், வெற்றிடம் ஆடி மடிநோய்க்கு வழி திறக்கும். இன்னொன்று: ஒவ்வொரு காம்பிலும் இரண்டு துளை இருக்கும், சிலவற்றில் மூன்று. ஒவ்வொன்றும் தனித்தனிப் பால்சுரப்பிக்குப் போகிறது. மாட்டு வைத்தியம் மட்டும் தெரிந்தவர் ஒரு துளையில் மருந்தை ஏற்றிவிட்டு நோய் தீரவில்லை என்பார்.

நாளுக்கு 5 முதல் 10 லிட்டர் எதிர்பார்க்கலாம். கறவைக்காலம் 12 முதல் 18 மாதம். அது நல்ல நீளம்தான், ஆனால் சினைக்காலமே ஏறத்தாழ 13 மாதம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தை பெருகும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

மாடு தோற்கும் இடம் வறட்சி. முள்மரத் தழையை மேய்ந்துகொண்டு, தண்ணீர் இல்லாத நாட்களிலும் ஒட்டகம் பாலை நிறுத்தாது. ஆனால் தாகத்தில் பால் நீர்த்துப்போகும். ஒரு சோதனையில் நீரளவு 86 சதவீதத்திலிருந்து 91-க்கு ஏறியது, கொழுப்பு 4.3-லிருந்து 1.1 சதவீதமாக இறங்கியது. கொள்முதல் நிலையத்தில் 'தண்ணீர் கலந்தாயா?' என்ற கேள்வி வரும். மந்தை கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று குறித்து வைத்தால் பதில் சொல்ல வசதி. உப்பும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். மாட்டுக்கான அளவு இதற்குப் போதாது.

இனி பால். வெள்ளை வெளேரென்று, லேசான உப்புக் கரிப்போடு இருக்கும். தீவனத்தைப் பொறுத்துச் சுவை மாறும். தேநீருக்குப் பழுதில்லை. தயிருக்கு உறை ஊற்றினால் புளிக்கும், கட்டியாகாது. கரண்டியில் அள்ள முடியாது, மோர் போல ஊற்றத்தான் முடியும். காரணம், பாலின் முக்கியப் புரதமான கேசீனில் ஒரு வகையான கப்பா-கேசீன்: பசும்பாலின் கேசீனில் 13 சதவீதம் அளவுக்கு இருப்பது இதில் 3.5 தான், பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற இன்னொரு புரதம் அறவே இல்லை. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளான ரென்னெட்டில் பாலாடைக்கட்டியும் சரியாக வராது, பாலைத் திரிக்கும் நொதியான கைமோசினில் ஒட்டக வகை வேண்டும். வெண்ணெய் கடைவதிலும் மாட்டுப்பால் கணக்கு செல்லாது. கொழுப்புத் துளி பொடியாக இருப்பதால் ஏடு எளிதில் மேலே வராது. குளிரவைத்துக் கடைந்தால் கை வலிதான் மிச்சம். 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் கடைந்தால் திரளும்.

'லாக்டோஸ் (பால் சர்க்கரை) ஒவ்வாதவர்களுக்கு' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம், இதிலும் பசும்பால் அளவுக்கே லாக்டோஸ் உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம். அங்கே சிலருக்கு இது ஒத்துக்கொள்கிறது, ஆனால் மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. பால்பொடி வாங்கினால் ஒரு லிட்டருக்குச் சுமார் 120 கிராம் கரைக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சாயத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்ற பேச்சு எங்கும் உண்டு. பச்சைப் பால் வழியே நோய் பரப்பும் புரூசெல்லா கிருமிக்கு அந்தப் பேச்சு தெரியாது. 63 டிகிரியில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 விநாடியோ காய்ச்சியே ஆக வேண்டும். சிறு ஆலைகள் இங்கேதான் குழம்புகின்றன: பால் சரியாகச் சூடேறியதா என்று பார்க்க மாட்டுப்பாலுக்குச் செய்யும் பாஸ்பட்டேஸ் சோதனை (அந்த நொதி சூட்டில் அழிந்ததா என்று பார்ப்பது) இதில் செல்லாது. ஒட்டகப்பாலின் நொதி அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். ஒழுங்காகக் காய்ச்சிய பாலையும் 'காய்ச்சவில்லை' என்று காட்டும். ஆகவே அந்தச் சோதனையை நம்பாமல், காய்ச்சிய வெப்பத்தைக் கருவி பதியும் தாள் சுருளைத் தினமும் எடுத்துப் பார்த்து, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள்.