டிகிரி முடித்ததும்: குரூப் 4 தயாரிப்பா, அப்ரண்டிஸ் பயிற்சியா?

கையில் டிகிரி இருக்கிறது, அனுபவம் இல்லை. வீட்டில் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதச் சொல்கிறார்கள், நண்பர்கள் கம்பெனியில் அப்ரண்டிஸாக, அதாவது வேலை பழகுபவராக, சேர இழுக்கிறார்கள். இரண்டையும் பார்ப்போம்.

செலவு:
குரூப் 4: விண்ணப்பக் கட்டணம் குறைவு. கோச்சிங்தான் பணத்தை விழுங்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள்.
அப்ரண்டிஸ்: மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டமான என்ஏடிஎஸ் (NATS) தளத்தில் பதிவு இலவசம். மாதாமாதம் உதவித்தொகையும் வரும்.

காலம்:
குரூப் 4: ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களிலிருந்து தொடங்குவதே சரி. ஆனால் அறிவிப்பு முதல் பணி ஆணை வரை நீண்ட காத்திருப்பு.
அப்ரண்டிஸ்: பெரும்பாலும் ஓராண்டு.

முடிவில் கிடைப்பது:
குரூப் 4: தேறினால் அரசு வேலை. தேறாவிட்டால் ரெஸ்யூமில் காட்ட எதுவும் இருக்காது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.
அப்ரண்டிஸ்: சான்றிதழ், அனுபவம். அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

வீட்டுச் செலவைப் பிறர் பார்த்துக்கொள்ள, தமிழும் கணக்கும் நன்றாக வருமென்றால் குரூப் 4. உடனே கொஞ்சமாவது வருமானம் வேண்டுமென்றால் அப்ரண்டிஸில் சேர்ந்துவிடுங்கள், காலையில் ஒரு மணி நேரம் தமிழ் படியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.