அசல் சான்றிதழைக் கேட்கும் ஏஜெண்ட்: புதிதாகப் படித்து முடித்த மிஸ்ஸிகள் (தாதியர்) கவனத்துக்கு

2025 ஜூன் மாதம் மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வேலை ஏஜெண்டிடம் 3,350 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். சரியாகச் சொன்னால் கட்டியது அம்மா. வளையலை அடகு வைத்துக் கொடுத்தார். சவூதியில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை, அதற்கு முன் அனுபவத்துக்காக ஆறு மாதம் பினாங்கிலேயே ஒரு தனியார் மருத்துவமனை என்று பேச்சு. நான் போய்ச் சேர்ந்தது புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு. பணம் இன்னும் திரும்பவில்லை.

அந்த ஆளின் பெயரையோ கம்பெனி பெயரையோ இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைச் சொன்னாலும் பெரிய பயன் இருக்காது, பலகையை மாற்றிக்கொண்டு அடுத்த தெருவில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் பேசுகிற பேச்சு எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் தனியார் கல்லூரியில் மூன்று வருடம் டிப்ளோமா படித்தவள். தாதியர் வாரியத் தேர்வில் முதல் தடவையே தேறினேன். ஜனவரியில் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தபோது அப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தார். பத்திரிகையைத் திறந்தால் நாட்டில் மிஸ்ஸிகள் பற்றாக்குறை என்று செய்தி. பினாங்கோ தெருவுக்குத் தெரு தனியார் மருத்துவமனை உள்ள ஊர். இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி வந்து வைத்தியம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கா வேலை கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதத்தில் முப்பத்தைந்து விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், இரண்டிலும் 'அனுபவம் எத்தனை வருடம்?' என்றார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அனுபவம் உள்ளவர்கள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்கள். வார்டில் மிச்சம் இருப்பவர்களுக்குப் புதிதாக வருபவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லை. பெரிய மருத்துவமனைகள் தாங்களே செலவழித்துப் படிக்கவைத்த பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்கின்றன. வெளியிலிருந்து வருகிற நாங்கள் வாசலில் நிற்கிறோம். பெரியம்மா மகள் காலத்தில் இதைவிட மோசம். தனியார் கல்லூரிகள் அளவில்லாமல் ஆள் சேர்த்து, 2010 வாக்கில் புதிய தாதிமைப் படிப்புகளுக்கு அனுமதி கொடுப்பதையே அரசாங்கம் நிறுத்தும் அளவுக்குப் போனது. அக்காள் கடைசியில் பேரங்காடியில் காசாளராகச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

பி.டி.பி.டி.என். கல்விக் கடன் தலைக்கு மேல் நிற்கிறது. அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ.வில் பதிந்தாயிற்று, பதில் இல்லை. சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் 'இன்னும் வீட்டிலயாம்மா?' என்கிறார்கள். இந்த நேரத்தில்தான் அவர் வந்தார்.

முகநூலில் ஒரு வேலைக் குழுவில் என் பெயரைப் பார்த்ததாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்தார். நல்ல தமிழ். "நம்ம பிள்ளைங்க படிச்சிட்டு வீட்ல உட்கார்ந்திருக்கிறதப் பாத்தா மனசு கேக்கல தங்கச்சி. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்." அம்மாவையும் கூட்டிவரச் சொன்னதில்தான் நாங்கள் விழுந்தோம். ஏமாற்றுகிறவன் பெற்றவர்களைக் கூப்பிடுவானா என்று வீட்டில் ஒரே வாதம். கூப்பிடுவான். பணம் அவர்களிடம்தானே இருக்கிறது.

ஆபீஸ் பர்மா ரோட்டுக்குப் பக்கத்தில், கடைக்கு மேல் மாடியில். சுவர் முழுக்க விமான நிலையத்தில் டிராலியோடு சிரிக்கும் பெண்களின் படங்கள். முருகன் படத்துக்குப் புதுப் பூ. அம்மாவுக்குக் கீழே இருந்து தே ஓ (பால் இல்லாத தேநீர்) வரவழைத்தார். கதவில் இருந்த பலகையில் 'மேனேஜ்மெண்ட் சர்வீசஸ்' என்று இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மலேசியாவில் உரிமம் பெற்ற தனியார் வேலை நிறுவனம் என்றால் பெயரிலேயே மலாயில் 'அகென்சி பெகெர்ஜான்' (Agensi Pekerjaan) என்று இருக்க வேண்டும். உரிமம் கொடுப்பது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழிலாளர் துறை. உரிமம் உள்ளவர்கள் பட்டியலை அத்துறையில் கேட்டுச் சரிபார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

பதிவுக்கு 350, 'டாக்குமெண்டுக்கு' 1,800, பயிற்சிக்கு 1,200. ரொக்கமாக 1,350 வாங்கிக்கொண்டு, மிச்சம் 2,000ஐ வங்கியில் போடச் சொன்னார். கணக்கு எண் கம்பெனி பெயரில் இல்லை, ஒரு பெண் பெயரில் இருந்தது. 'என் வைஃப்தான், ஜி.எஸ்.டி. பிரச்சினை' என்றார். ஜி.எஸ்.டி. 2018லேயே எடுபட்டுவிட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகு தம்பி சொல்லித்தான் உறைத்தது.

ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதுபொருள் கடையில் விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்தில் கிழித்தது. கம்பெனி பதிவு எண் இல்லை, முத்திரை மட்டும், அதுவும் பாதி பதிந்தும் பதியாமலும். எதற்காகப் பணம் என்ற இடத்தில் 'கன்சல்டேஷன்' என்று ஒரே சொல். வேலை என்ற சொல்லே அதில் இல்லை. தெரிந்துதான் எழுதியிருக்கிறார். சட்டப்படி வேலை வாங்கிக் கொடுப்பதற்காக ஏஜெண்ட் உங்களிடம் முதல் மாத அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. சம்பளம் 2,400 வெள்ளி என்றால் 600 வெள்ளி. 3,350ஐ வேலைக்கான கட்டணம் என்று எழுதினால் மாட்டிக்கொள்வார், அதனால்தான் 'கன்சல்டேஷன்'.

பிறகு கேட்டார்: அசல் டிப்ளோமா, அசல் பதிவுச் சான்றிதழ், எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) அசல். சவூதிக்கு அசல்தான் வேண்டுமாம். கொடுத்தேன். இது என்னுடைய முட்டாள்தனத்தின் உச்சம். சவூதிக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம். அங்கே ஸ்கேன் செய்த நகலைத்தான் ஏற்றுகிறோம், அவர்கள் நேராகக் கல்லூரியிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அங்கே வேலை பார்க்க எழுத வேண்டிய புரோமெட்ரிக் தேர்வுக்கும் நாமே பதிந்து நாமே கட்டலாம். விசா நேரத்தில் அசல் தேவைப்படலாம். அது வேலைக் கடிதம் கையில் வந்த பிறகு. அதோடு, சவூதி வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். நேற்று படித்து முடித்தவளுக்குச் சவூதி என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடலாம்.

'இண்டர்வியூ' ஒரு ஹோட்டல் லாபியில், கைப்பேசி வழியாக நடந்தது. நான்கு நிமிடம். நைட் ஷிஃப்ட் பார்ப்பாயா, கல்யாணம் ஆகிவிட்டதா, அவ்வளவுதான். ஒரு மருந்துக் கணக்குகூடக் கேட்கவில்லை. நல்ல மருத்துவமனையில் கேட்காமல் விடமாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சுலபமாக முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

செப்டம்பரில் அழைத்து, மருத்துவமனையில் இடம் தாமதமாகிறது, அதுவரை இங்கே இரு என்று முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார். இரண்டு மாடி வீடு, பதினெட்டு முதியவர்கள். சம்பளம் 1,400 வெள்ளி, கையில். இ.பி.எஃப். (சேமநிதி) கிடையாது, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கிடையாது. அந்த ஆகஸ்டிலிருந்து சின்ன இடமோ பெரிய இடமோ குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது நாட்டுச் சட்டம். வேலை என்னவோ துடைப்பது, குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது. அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. பயிற்சியில் அதையெல்லாம் ஆசையோடு செய்தவள்தான் நான்.

நான் பயந்தது வேறு விஷயத்துக்கு. ஒன்பதாம் நாள் சாயந்திரம் ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் போடச் சொன்னார்கள். மருந்து அட்டை எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று அந்த வீட்டில் இல்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில், முட்டை வைக்கும் குழிகளில் மூன்று இன்சுலின் பேனா. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. ஒன்றில் ஈரம் பட்டு மை கலைந்திருந்தது. தாத்தாவின் டேப்பில் 14 என்று யூனிட் அளவு இருந்தது. சுகர் பார்க்கும் மெஷின் இருந்தது, ஸ்ட்ரிப் டப்பா காலி. தாத்தாவின் கிண்ணத்தில் கஞ்சி பாதிக்கு மேல் அப்படியே. சாப்பிடாத ஆளுக்கு அளவு தெரியாமல் இன்சுலின் போட்டால் ராத்திரி தூக்கத்திலேயே சுகர் இறங்கிவிடும், கவனிக்கவும் ஆள் இருக்காது. உரிமையாளர் அம்மாவிடம் சொன்னேன். நேற்று போட்ட அளவையே போடு, நீ மிஸ்ஸிதானே, ஊசி போடத் தெரியாதா என்று மலாயில் சத்தம் போட்டார்.

போடவில்லை. தாத்தாவின் மகனுக்கு போன் செய்து கிளினிக் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போன மாதமே டாக்டர் 10ஆகக் குறைத்திருந்தார்.

அன்று ராத்திரியே என் அம்மாவிடம், வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஆனாலும் மாதச் சம்பளத்துக்காக இன்னும் பத்து நாள் இருந்தேன். அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை. கிளம்பும்போதுதான் பார்த்தேன்: வாசல் அறையில், வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டுக்கு மேலே, என் பதிவுச் சான்றிதழின் வண்ண நகல், கண்ணாடிச் சட்டம் போட்டு. நான் வருவதற்கு முன்பே ஏஜெண்ட் அனுப்பியிருக்கிறார். பெற்றவர்களைக் கொண்டுவந்து விடும் பிள்ளைகள் பயிற்சி பெற்ற மிஸ்ஸி இருக்கிறார் என்று நம்ப வேண்டுமே. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம். கூடவே நானும் போயிருக்கிறேன். 14 யூனிட் போட்டு ஏதாவது ஆகியிருந்தால் தாதியர் வாரியத்தின் முன் நிற்பதும் அதில் இருக்கும் என் பெயர்தான்.

அசலைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒப்பந்தத்தை முறித்ததால் 1,000 வெள்ளி கட்டினால்தான் என்றார் ஏஜெண்ட். அந்த ஒப்பந்தத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. மாமாதான் போலீசில் புகார் எழுதச் சொல்லி, அந்தப் புகாரின் நகலோடு என்னை ஏஜெண்டிடம் கூட்டிப்போனார். நகலை மேசையில் வைத்துவிட்டு மாமா எதுவும் பேசாமல் நின்றார். சான்றிதழ்கள் பத்து நிமிடத்தில் வந்தன. பணம் மட்டும் 'சர்வீஸ் செஞ்சாச்சு அண்ணே' என்று நின்றுவிட்டது.

தொழிலாளர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போட்டாயிற்று. மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். மனுப் படிவம் நிரப்பத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். வங்கியில் போட்ட பணம் என்றால் தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள். நான் நான்கு மாதம் கழித்து விழித்துக்கொண்டதால் அது எனக்குப் பயன்படவில்லை. பணம் போடுவதற்கு முன் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். ஆனால் அதில் சுத்தமாக வந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை, இதுவரை யாரும் புகார் கொடுக்காமல் இருக்கலாம்.

இப்போது பட்டர்வொர்த்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் இருக்கிறேன். 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' என்ற அரசாங்க வேலை தேடும் தளத்தில் பார்த்து நானே போட்ட விண்ணப்பம், ஒரு காசு செலவில்லை. அனுபவம் இல்லாதவர்களையும் எடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வார்டு வேலைதான் வேலை என்று பிடிவாதமாக இருந்ததால் இந்த மாதிரி இடங்களை நான் தேடவே இல்லை.

போன வாரம் தோழி ஒருத்தி தன் பாட்டிக்கு இடம் பார்க்க அந்த இல்லத்துக்குப் போயிருக்கிறாள். என் பெயர் இன்னும் சுவரில் தொங்குகிறதாம். படம் எடுத்து அனுப்பினாள். அதை இணைத்து வாரியத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அதே மாடி ஏறி 'கன்சல்டேஷன்' ரசீது வாங்கியவர்கள் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், விசாரணைக்குச் சேர்ந்தே போவோம்.