லொறிக்குத் தாங்கும் திருத்தம்

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், தையல் கடைக்குப் பின்னால், அம்ப்ளிஃபயர், கீபோர்ட், மிக்சர் திருத்தும் ஐயா ஒருவர் இருக்கிறார். பெயர்ப்பலகை இல்லை. இசைக்குழுக்காரர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். பொருளைக் கொடுத்தால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல மாட்டார், தொலைபேசியை எடுக்க மாட்டார், பற்றுச்சீட்டும் கிடையாது. இவ்வளவும் தெரிந்துதான் என் பழைய கிற்றார் அம்ப்ளிஃபயரை, பீவி பேண்டிட் ஒன்றை, அவரிடம் கொண்டுபோனேன். இன்னொன்று பழுதானாலும் அங்கேதான் போவேன்.

அந்த அம்ப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2002இல் போர்நிறுத்தம் வந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி திறந்ததும் எங்கள் குழு ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. ராக் வாசிக்கும் ஆசையில் சேர்ந்தவர்கள் நாங்கள். திருவிழாக்காரர்களுக்கு வேண்டியதோ சினிமாப் பாட்டும் பைலாவும். ஆகவே பாட்டின் இடையிசையில் புகுந்து, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைத் திறந்து, பாடகர் முறைக்கும்வரை வாசித்துத் தீர்ப்பேன். யாழ்ப்பாணம் போகும் வழியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முதுகுப் பலகையையும் கழற்றி உள்ளே காட்ட வேண்டும். எங்கள் டிரம்மர் கையில் குச்சி பிடித்த நேரத்தைவிடத் திருப்புளி பிடித்த நேரம் அதிகம். கிண்ணியாப் பக்கம் கச்சேரி என்றால் படகுப்பாதையில் லொறியை ஏற்றித்தான் கடக்க வேண்டும். 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது; எங்கள் காலத்தில் துறையில் லொறியோடு காத்துக் கிடந்து உப்புக்காற்றை அம்புக்கும் ஊட்டினோம். 2006இல் ஏ-9 வீதி மூடியது, குழுவும் கலைந்தது. டிரம்மர் இப்போது கனடாவில் இருக்கிறார்.

அம்ப் மட்டும் என்னோடு மிஞ்சியது, ஓர் உறுமலோடு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அம்புக்குள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றும்போது உறுமல் இரட்டித்து 100 ஆகிறது. கிற்றாரின் தடித்த தந்தியில் மூன்றாம் பிரெட்டில், அதாவது கழுத்திலுள்ள மூன்றாம் கட்டில், வரும் ஜி சுரம் 98 ஹேர்ட்ஸ். ஆகவே ஜியில் அமைந்த பாட்டுக்கெல்லாம் அம்ப் சற்றே ஏறிய சுருதி ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கும். எங்கள் பேஸ்காரர் கடைசியில் அதற்கு ஏற்றபடி தன் தந்திகளைக் கூட்டத் தொடங்கிவிட்டார். ஜெனரேற்றரில் ஓடும் மேடையில் அந்தச் சுருதியும் நிலைக்காது.

முதலில் கொழும்பில் கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். அங்கே சொருகி வாசித்தபோது அருமையாக ஒலித்தது. ஹபரணை, கந்தளாய் தாண்டி வீட்டில் இறக்கிச் சொருகினால் அதே உறுமல், கூடவே புதிதாக ஒரு கரகரப்பு.

நம் ஐயா அம்பைச் சொருகவே இல்லை. தூக்கி ஒருமுறை குலுக்கினார், காதை வைத்துக் கேட்டார், முகர்ந்தும் பார்த்தார். "தம்பி, இது எந்தெந்த வீதியில் போனது?" என்றார். சொன்னேன். "அப்படியானால் வீட்டு ரேடியோவைத் திருத்துவது போல இதைத் திருத்தக் கூடாது" என்றார். உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்றியதோடு நிற்கவில்லை. புதியவற்றின் அடியில் சிலிக்கன் பசை வைத்துப் பலகையோடு ஒட்டிவிட்டார், குலுக்கலில் அவற்றின் கம்பிக் கால் முறியாதபடி. கிற்றார் வயரைச் சொருகும் துளை சுற்றுப்பலகையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. யாராவது வயரில் கால் தடுக்கினால் இழுவை முழுவதும் பலகைக்கே போகும். அதைப் பிரித்து, இரும்புச் சட்டத்தில் இறுக்கி, நெகிழும் வயரால் இணைத்திருக்கிறார். விரிசல் கண்ட ஈயப் பற்றுகளை எல்லாம் உருக்கி மறுபடி வைத்திருக்கிறார். கழற்றிய பழைய உதிரிகளை ஒரு பையில் போட்டுத் தந்தார். கூலி 6,500 ரூபா, உதிரிகள் தனி.

ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடல் நீர் புகுந்த கீபோர்டுகளை முதலில் நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னவர் இவர்தான். அப்போது இவருக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தோம். கழுவி நன்றாகக் காயவைத்தவற்றில் சில பிழைத்தன. அலுமாரியின் மேல், பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள் தமிழ்ப் பொப்பிசை பாடிய காலத்து வால்வு அம்ப் ஒன்று இருக்கிறது. விற்பனைக்கு இல்லை. நான் இருமுறை கேட்டுவிட்டேன்.

குறைகளும் உண்டு. திருவிழாக் காலத்தின் தொடக்கத்தில் கொடுத்தேன், எல்லாக் கொடியும் இறங்கிய பிறகுதான் கையில் கிடைத்தது. தொலைந்த குமிழுக்குப் பதிலாக ஏதோ ரேடியோவின் வெள்ளைக் குமிழைப் பொருத்தியிருக்கிறார், பார்க்க அசிங்கம். கிற்றாரை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். மின்சாரத்தில் இருக்கும் கை அவருக்கு மரத்தில் இல்லை. நண்பர் ஒருவரின் கிற்றாரில் தந்திகள் இப்போது விரல் நுழையும் உயரத்தில் நிற்கின்றன.

திருத்தியது எப்படி என்று கடையில் வாசித்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மருமகனின் குழு மூதூருக்குப் போனபோது அம்பைக் கொடுத்தனுப்பினேன். போகும்போது கீபோர்ட் பெட்டிகளின் அடியில், வரும்போது டிரம் இரும்புகளுக்கு நடுவில். இறக்கியதும் சொருகி, வொலியூமைப் பாதிக்கு மேல் ஏற்றினேன். காற்றாடி ஓடும் சத்தம்தான் கேட்டது.

மாலை நாலு மணிக்குப் பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை அவர் காளி கோயிலில் இருப்பார். மின் வயரையும் மறக்காமல் கொண்டுபோங்கள். வயர் இல்லாமல் வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.