சித்தப்பாவின் இரண்டு ஸ்கான்கள்

ரொறன்ரோவிலிருந்து இந்த முறை யாழ்ப்பாணம் போனது திருவிழாவுக்கு அல்ல. சித்தப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கட்டி பெரிய இரத்தக்குழாயை ஒட்டியிருந்ததால் முதலில் கீமோ, பிறகு மறுபடி ஸ்கான் எடுத்துப் பார்த்துத்தான் ஒப்பரேஷன் என்று சொல்லியிருந்தார்கள்.

கீமோ ஏற்றியது தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையில். 2011இல் சனம் பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழும்பிய இடம். ஒரு சதம் வாங்கவில்லை. தாதிமார் "ஐயா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்காமல் ஊசி போடவில்லை. அந்த அன்பை நான் மறக்கமாட்டேன்.

அலைச்சல் வேறு இடத்தில். கீமோவுக்கு முந்தின ஸ்கானைத் தனியார் நிலையம் ஒன்றில் எடுத்திருந்தார்கள். கையில் இருந்தது றிப்போட் கடதாசி மட்டும். படங்களைக் கேட்டு மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள்தான் சீடியில் போட்டுத் தந்தார்கள். இவ்வளவு பாடுபடுத்தியிருக்கத் தேவையில்லை, ஏனென்றால் பழைய படம் இல்லாமல் புதியதை மட்டும் பார்த்து என்ன மாறியிருக்கிறது என்று சரியாகச் சொல்ல முடியாது.

புது ஸ்கானின் முடிவு வந்ததும் சித்தப்பா சோர்ந்துபோனார். "கட்டி சுருங்கேல்லையாம் தம்பி. அப்ப மருந்து பிடிக்கேல்லைப்போல."

டொக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக விளக்கினார். ஸ்கானில் படம் தெளிவாக விழ ஊசியில் ஒரு மருந்து ஏற்றி, ஏறக்குறைய 40 செக்கனில் ஒருமுறை, 70 செக்கனில் இன்னொருமுறை படம் எடுப்பார்களாம். முதலாவதில் கணையமும் நாடியும், இரண்டாவதில் நாளமும் ஈரலும் தெளிவாகத் தெரியும். கணையக் கட்டியைச் சுற்றி நார்த்திசு நிறைய. கீமோவில் புற்றுக்கலங்கள் செத்தாலும் அந்தத் தழும்பு அங்கேயே கிடக்கும், சீ.ரி.யில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் அளவு குறையாததை மட்டும் வைத்து மருந்து தோற்றது என்று முடிவுகட்டக் கூடாது. கட்டி வளரவில்லையா, ஈரலில் புதிதாக ஒன்றும் இல்லையா, இரத்தத்தில் பார்க்கும் சீ.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு இறங்கியிருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு அது நன்றாக இறங்கியிருந்தது. மஞ்சள் காமாலை இருந்தால் அந்த எண் தானாகவே ஏறுமாம்; நல்லகாலம், அவருக்கு அது இல்லை.

"அப்ப வெட்டிப் பாப்பினமோ டொக்டர்?" என்று சித்தி கேட்டார். சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டையும் பார்த்தபிறகு சொல்வார் என்றார்.

விமானம் ஏறும் முன் இரண்டு சீடிக்கும் இரண்டு பிரதி எடுத்து, திகதி எழுதி, ஒரு பிரதியைச் சித்தியின் அலுமாரியில் வைத்தேன். மற்றது கிளினிக் கொப்பியோடு சித்தப்பாவின் பையில்.